தறிக்கூடத்து அண்ணியும் தவளைக் கதையும்

எங்கள் அண்ணியின் பேச்சைக் காதால் கேட்க முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். உதட்டை அகலத் திறந்து, புருவத்தை ஏற்றி இறக்கி, கையால் காற்றில் ஒரு வளைவு போட்டு, "அடுப்பை அணைச்சியா?" என்பார். தொண்டையிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வராது. புதிதாகப் பார்ப்பவர்கள், ஐயோ பாவம், வாய் பேசாதவர் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள்.

அப்படியெல்லாம் இல்லை. அண்ணி துணி ஆலையில் தறி ஓட்டுபவர். தறிக்கூடத்தில் அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கும்போது கூரைமேல் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கே கத்திப் பேசுவது கடலில் உப்பைக் கொட்டுவது மாதிரி. அதனால் ஆலைப் பெண்கள் குரலை வாசலிலேயே விட்டுவிட்டு வாயை மட்டும் உள்ளே கொண்டுபோவார்கள். நாலு வரிசை தள்ளி நிற்பவளோடும் வாயசைத்தே ஊர்க்கதை பேசிவிடலாம். எங்களில் ஒரு அக்காவுக்கு 'ரேடியோ' என்று பெயர். அவர் வாயைத் திறந்தால் கூடத்தின் கடைசித் தறி வரை செய்தி போய்ச் சேரும், ஒரு சத்தமும் இல்லாமல்.

அதே ஆலையில் நான் நூல் சுற்றும் பகுதியில் இருக்கிறேன். அண்ணன் பழுதான தறிகளைச் சரிசெய்பவர். வேலை முடிந்து வந்தால் எங்கள் மூவர் காதிலும் வெகுநேரம் ஓர் இரைச்சல் நிற்கும். அதன்மேல் யார் குரலும் ஏறாது. தொண்டையில் பஞ்சுத்தூசி வேறு. ஆகவே வீட்டிலும் அதே வாய்ப்பேச்சுதான். ஒருவரை அழைக்க வேண்டுமென்றால் பெயர் சொல்ல மாட்டோம், தரையில் காலைத் தட்டுவோம். தட்டியதும் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு பேசுவோம். சண்டைகூட அப்படித்தான். அண்ணனும் அண்ணியும் அடுக்களை வாசலில் நின்று, கைகளை வீசி, மூச்சிரைக்கச் சண்டை போடுவார்கள். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீடு மாதிரி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்லம்மா. என்ன அமைதி! எங்க வீட்டு மனுஷர் தும்மினாலே தெருக்கோடி வரைக்கும் கேட்குது" என்பார். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். எனக்கும் வெளியாட்களிடம் பேச்சு வராது.

அண்ணி பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஆனால் தறி முன்னால் நின்றால் வேறு ஆள். அறுந்த நூலைக் கண்ணால் பார்க்காமலே முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சு துணியில் எங்கே இருக்கிறதென்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. கல்யாணமாகி வருஷங்கள் போய், இனிக் குழந்தை இல்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட பிறகு ஒரு பையன் பிறந்தான். எந்நேரமும் தொண்டைக்குள் ஏதோ ஒரு ரீங்காரம் போட்டுக்கொண்டே திரிவான். அதனால் அவனை வண்டு என்று கூப்பிட்டோம். வண்டுவின் பேச்சு மழலையாக இருந்தது. 'சட்டை' என்பதை 'அட்டை' என்பான், 'செருப்பு' என்பதை 'எய்ப்பு' என்பான். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நாலு வயதில் அவனை மழலையர் பள்ளியில் விட்டோம்.

சில மாதங்கள் கழித்துப் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அண்ணி தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் பயந்தாங்கொள்ளிகள். குருடனுக்கு வழிகாட்டக் குருடன் போன மாதிரிதான்.

வகுப்பு டீச்சர் சின்னப் பெண், இதமாகப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கூப்பிட்டா சில நேரம் திரும்பறான், சில நேரம் திரும்பறதே இல்ல. கதை சொல்லி முடிச்சு, 'யாரு வந்தா?'ன்னு கேட்டா பக்கத்துப் பிள்ளைங்களைப் பார்க்கறான். அவங்க கையைத் தூக்கினா இவனும் தூக்கறான். ஆனா கதை என்னன்னு அவனுக்குத் தெரியல."

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கொஞ்சம் மந்தமோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். வீட்டுல புத்தகம் படிச்சுக் காட்டுவீங்களா?"

அண்ணி வாயசைத்தார்.

"என்னம்மா? சத்தமா சொல்லுங்க."

"இல்லீங்க" என்றார் அண்ணி. நெடுநாள் திறக்காத பெட்டி திறப்பதுபோல ஒரு கரகரப்பு.

"அதான். இந்த வயசுல புத்தகம் படிச்சுக் காட்டினாத்தான் பேச்சு வளரும், கவனம் வளரும். மடியில வச்சுக்கிட்டு, படத்துல விரலை வச்சு, தினமும் கொஞ்ச நேரம் படிங்க. வருஷ லீவுக்கு முன்னாடி பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தான்னா மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது. வேற இடந்தான் பார்க்கணும்."

வெளியே வந்து சாலையைக் கடந்ததும் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தி வாயசைத்தார். "மந்தம்னா சொன்னாங்க?"

நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணி வண்டுவைத் தன்முன் நிறுத்திக்கொண்டார். "டம்ளர் எங்கடா?" என்றார், கொண்டுவந்தான். "அப்பா செருப்பு?" கொண்டுவந்தான். "அத்தை சீப்பு?" என் தலைமாட்டிலிருந்து எடுத்துவந்து நீட்டினான். அண்ணியின் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பினார், அவருக்கு நான் பாப்பா. "பார்த்தியா பாப்பா? எல்லாம் தெரியுது. இவனா மந்தம்?" கொஞ்ச நேரம் கழித்து அதே முகம் சுருங்கியது. "இதெல்லாம் நாய்க்குட்டிகூடச் செய்யுமே."

புத்தகம் வாங்கப் போனோம். கடைத்தெருவில் நடைபாதையில் புத்தகங்களைப் பரப்பி வைத்து விற்கும் ஒருவர் இருக்கிறார். அண்ணி துணி வாங்குகிறவர் மாதிரியே புத்தகம் பார்த்தார். தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். தையலை இழுத்தார். பிறகு விரலை நாக்கில் நனைத்து அட்டையில் இருந்த சிவப்புப் பூவைத் தேய்த்துவிட்டு விரலைப் பார்த்தார்.

கடைக்காரர் பதறிப்போனார். "அக்கா, அது புத்தகம். துணி இல்ல. சாயமெல்லாம் போகாது."

"பிள்ளை வாயில வைப்பான்" என்று நான் சொன்னேன். அண்ணி வாயசைத்தால் அவருக்குப் புரியாது.

"வாயில வைக்கறதுக்குப் பிஸ்கட் வாங்குங்க, புத்தகம் எதுக்கு?" என்று சிரித்தார். பிறகு இரக்கப்பட்டு, "எத்தனை வயசு?" என்று கேட்டார். நாலு என்றதும் கெட்டி அட்டையில் ஒன்றிரண்டு வரிகளே உள்ள மெல்லிய புத்தகங்களை எடுத்துப் போட்டார். அண்ணிக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவு கொஞ்சமாக எழுத்து இருந்தால் எப்படி அறிவு வளரும்? கடைசியில் அவர் எடுத்தது செங்கல் கனத்தில் ஒரு பொது அறிவுப் புத்தகம். கோள்கள், உலோகங்கள், உடலுறுப்புகள் எல்லாம் அதில் இருந்தன. பொடிப்பொடி எழுத்து. மந்தம் என்ற சொல்லை நசுக்க அந்தக் கனம் வேண்டியிருந்தது போலும்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், அண்ணி குளித்து வந்ததும், ஜன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து வண்டுவை மடியில் வைத்துக்கொள்வார். பையனின் முதுகு அவர் நெஞ்சோடு ஒட்டியிருக்கும். புத்தகம் அவன் முன்னால் விரிந்திருக்கும். அண்ணி குனிந்து, அவன் உச்சந்தலைக்கு மேலே, எழுத்துக்கூட்டிப் படிப்பார். பெரிய டீச்சர் சொன்னபடியே விரலும் வைப்பார். சத்தமாகத்தான் படித்தார், எங்கள் வீட்டுக் கணக்குக்கு. அதாவது ஒரு முணுமுணுப்பு.

வண்டு நெளிவான். திரும்பித் திரும்பி அண்ணியின் முகத்தைப் பார்ப்பான். பிஞ்சுக் கையால் அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பான்.

"என்னை ஏன்டா பார்க்கறே? என் மூஞ்சியிலா எழுதியிருக்கு? புத்தகத்தைப் பாரு" என்று அவன் தலையைப் பிடித்துத் திருப்புவார். திருப்பிய மறுகணம் அவன் மறுபடி இவர் பக்கம் திரும்புவான். கடைசியில் மடியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கி ஓடிவிடுவான்.

அண்ணன் கட்டிலில் படுத்தபடி இதைப் பார்த்துச் சிரிப்பார். "விடுடீ. நம்ம பரம்பரைக்கே புத்தகம் ஒட்டாது. நான் படிக்க உட்கார்ந்தா எங்க வாத்தியாருக்கே தூக்கம் வந்துடும்."

"உங்களை மாதிரி ஆகக்கூடாதுன்னுதானே இந்தப் பாடு!" அண்ணியின் வாய் அன்று ரொம்ப அகலமாகத் திறந்தது. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சண்டையை முடிக்க அதுதான் வழி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேச்சு தானாக நின்றுபோகும்.

நாட்கள் போகப் போக அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. தறியில் நிற்கும்போது கவனம் வேறெங்கோ போயிற்று. நூல் அறுந்ததைப் பார்க்காமல் விட்டு, துணி நீளத்துக்கும் ஒரு கோடு விழுந்தது. என் நினைவில் அண்ணி நெய்த துணியில் விழுந்த முதல் கோடு அது. ரேடியோ அக்கா நாலு வரிசைக்கு அப்பாலிருந்து, "என்னடி, புருஷனோட சண்டையா?" என்றார். அண்ணி தலையை ஆட்டினார். "புத்தகத்தோட."

ஒரு நாள் பையனை அழைக்கப் போனபோது சின்ன டீச்சரிடம் எப்படியோ விஷயம் வந்துவிட்டது. என்ன புத்தகம் படிக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணி பையிலிருந்து அந்தச் செங்கல்லை எடுத்துக் காட்டினார். டீச்சர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. "இது நமக்கே கஷ்டம்மா. சின்னக் கதையா, ஒரே வரி திரும்பத் திரும்ப வர்றதா எடுத்துக்கணும். அடுத்து என்ன வரும்னு அவனே சொல்லணும். அதுலதான் பிள்ளைங்களுக்குச் சந்தோஷம்" என்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

அது குடை தேடிப்போகும் ஒரு தவளையின் கதை. மழை வருகிறது. தவளை ஆமையிடம் போய், "உன்கிட்ட குடை இருக்கா?" என்று கேட்கிறது. ஆமை, "இல்லையே, இல்லையே" என்கிறது. பிறகு முயல், பிறகு வாத்து, எல்லோரும் இல்லையே, இல்லையே. அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தவளைக்கு எதுக்குடி குடை? மழையில நனையறதுக்குத்தானே அது பொறந்திருக்கு?" என்றார். அவர் கேட்டது சரிதான். அடுத்த நாள் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ அக்காவும் அதையே கேட்டார்.

அந்தக் கதை வந்த பிறகுதான் அண்ணியின் பயம் இரண்டு மடங்காயிற்று. ஏனென்றால் வண்டுவுக்கு அது சில நாள் தெரிந்தது, சில நாள் தெரியவில்லை.

ஒரு நாள் அண்ணிக்கு இடுப்பு வலி. பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, எதிரே வண்டுவைப் படுக்க வைத்து, புத்தகமே இல்லாமல் மனப்பாடமாகக் கதையைச் சொன்னார். 'இல்லையே, இல்லையே' வந்ததும் வண்டு தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் கெக்கலித்தான். மறுபடி சொல்லச் சொல்லி அண்ணியின் வாயைத் தட்டினான். வாத்து வரும் இடத்தில் இவனே எழுந்து வாத்து நடை நடந்தான். அண்ணி என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று அண்ணி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் முறையாக மடியில் வைத்து, புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்து, அதே கதையைப் படித்தார். 'இல்லையே, இல்லையே' வந்தது, போனது. வண்டு ஜன்னல் கம்பியில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், ஆமை என்ன சொல்லுச்சு?" வண்டு எறும்பை விரலால் தொட்டான். "நேத்துச் சொன்னியேடா! ஆமை என்னடா சொல்லுச்சு?" எறும்பு கம்பியின் மறுபக்கம் போயிற்று. வண்டுவும் எட்டிப் பார்த்தான்.

அண்ணி அவன் தொடையில் கிள்ளிவிட்டார். அவன் அலறித் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். அழுதபடியே அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், என்ன தப்புச் செய்தேன் என்று அங்கே தேடுகிறவன் மாதிரி.

"நேத்துத் தெரிஞ்சது இன்னைக்குத் தெரியல, பாப்பா" என்று அண்ணி என்னிடம் வாயசைத்தார். கண் நிறைந்திருந்தது. "தண்ணியில எழுதின மாதிரி அழிஞ்சுபோகுது. அவங்க சொன்னது சரிதான் போல."

நான் வண்டுவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளி வாசலைக் கடக்கும்போது அண்ணி தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார், உள்ளே இருக்கும் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று.

அந்த வாரம் தறிக்கூடத்துக்குப் புது மேஸ்திரி வந்தார். அலுவலகத்திலிருந்து வந்தவர், எங்கள் பழக்கம் அறியாதவர். நான் சுற்றிய நூலைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அண்ணியின் வரிசைக்கு வந்த நேரம். மேஸ்திரி அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி திரும்பவில்லை. மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதும் அண்ணி அறுந்த நூலைத் தேடிக் குனிந்தபடியே இருந்தார். கடைசியில் அவர் அண்ணியின் தோளைத் தொட்டார். அண்ணி தூக்கிவாரிப் போடத் திரும்பினார்.

"எவ்வளவு நேரமா கூப்பிடறேன்! காது கேட்கலையா? மந்தமா நீ?" மேஸ்திரியின் உதடுகள் அப்படித்தான் சொல்லின. தள்ளியிருந்த எனக்கே தெளிவாகப் புரிந்தது.

அண்ணிக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ! பயந்த அண்ணி, மேஸ்திரியின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி வாயசைத்தார். "பின்னால நின்னு பேசினா எனக்கு எப்படிங்க புரியும்? முன்னால வந்து, முகத்தைக் காட்டிப் பேசுங்க!"

சொல்லி முடித்ததும் அண்ணியின் வாய் மூடவில்லை. நீட்டிய விரல் அப்படியே நின்றது. மேஸ்திரி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அண்ணியும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறம் அப்படியே இறங்குவதை நான் பார்த்தேன். பின்னால் தறியில் இன்னொரு நூல் அறுந்து தொங்கியது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தோம். அன்று அண்ணன் பள்ளியிலிருந்து கூட்டிவந்திருந்த வண்டு தரையில் உட்கார்ந்து காலி நூல்கண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். அண்ணி என்னை அவன் எதிரே உட்காரச் சொன்னார். "அவன் மூஞ்சியைப் பாரு. கண்ணைக்கூட எடுக்காதே." பிறகு செருப்பைக் கழற்றி, பூனை மாதிரி நடந்து, அவன் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டார்.

"ஆமைக்குட்டி" என்றார். அது குரல். நிஜமான குரல். "உன்கிட்ட குடை இருக்கா?"

வண்டு ஒரு நூல்கண்டின்மேல் இன்னொன்றை வைத்தான்.

"இல்லையே, இல்லையே!" அண்ணியின் தொண்டை கிழிந்தது. என் காதிரைச்சலையும் தாண்டி அது எனக்குக் கேட்டது. வண்டுவின் இமை அசையவில்லை. தனக்குள் ரீங்காரம் போட்டுக்கொண்டு மூன்றாவது கண்டைத் தேடினான்.

அண்ணி அடுக்களையிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து தரையில் போட்டார். வண்டு சட்டென்று திரும்பினான். அண்ணி என்னைப் பார்த்தார். கேட்கிறதே! அந்த ஒரு நொடி எங்கள் இருவர் நெஞ்சிலும் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிறகு அண்ணி அதே தட்டை அவன் பின்னால் கையில் பிடித்துக்கொண்டு கரண்டியால் தட்டினார். அவன் திரும்பவில்லை. தட்டு தரையில் விழுந்தபோது அதிர்ந்த தரை அவனைத் திருப்பியிருக்க வேண்டும். நாங்கள் காலைத் தட்டும்போதெல்லாம் அவன் திரும்பிய மாதிரி.

அண்ணி அவன் முன்னால் வந்து உட்கார்ந்தார். வாயை மட்டும் அசைத்தார். "இல்லையே, இல்லையே."

வண்டு சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் அறை சின்னது. சுவரெல்லாம் தடித்த மெத்தை ஒட்டியிருந்தது. அதற்குள் நுழைந்ததும் என் காதிரைச்சல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பரிசோதிக்கும் பெண் வண்டுவின் தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் வந்தால் ஒரு கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும் என்று சைகையால் சொல்லிக்கொடுத்தார். வண்டு சட்டென்று பிடித்துக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நாங்கள் பார்த்தோம். அவன் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அந்தப் பெண் பொத்தானை அழுத்தினார். அவன் காத்திருந்தான். மறுபடி அழுத்தினார். அவன் காத்துக்கொண்டேயிருந்தான். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் நகம் பதிந்த இடம் பிறகு வெகுநேரம் சிவந்திருந்தது. எப்போதோ ஒரு முறை கட்டை டப்பாவில் விழும். அப்போது மட்டும் பிடி தளரும்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டார். "வீட்டுல இவன்கிட்ட எப்படிப் பேசுவீங்க?"

அண்ணி வாயசைத்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "இப்படித்தாங்க" என்றார் குரலில்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அண்ணியின் உதட்டையே பார்த்தார். "அதான் இவ்வளவு நாள் தெரியாம போயிருக்கு. தடித்த சத்தம், உரத்த சத்தம் கொஞ்சம் கேட்குது. சாதாரணப் பேச்சு கேட்காது. ஆனா உங்க வாயைப் பார்த்தே இவ்வளவு சொல் கத்துக்கிட்டிருக்கான். ரெண்டு காதுக்கும் மெஷின் வைக்கலாம். அதுக்கப்புறம் பழக்கணும். நாளாகும்."

"மந்தம் இல்லீங்களே?"

"யாரு, இவனா?" அவர் வண்டுவைப் பார்த்தார். அவன் அதற்குள் கட்டைகளை நிற வாரியாக அடுக்கியிருந்தான். "இல்லம்மா."

அண்ணி அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சந்தோஷமா துக்கமா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. திரும்பி வரும்போது ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "என் மூஞ்சியைத் திருப்பித் திருப்பிக் கேட்டானே, பாப்பா. நான் அவன் தலையைத் திருப்பித் திருப்பி விட்டேனே."

பள்ளிக்கு அண்ணி தனியாகவே போனார். பெரிய டீச்சர், மெஷின் வரட்டும், அதுவரை முன்வரிசையில் உட்கார வைக்கிறோம், லீவுக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றாராம். முடிவு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சின்ன டீச்சர் இப்போது புத்தகத்தை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்தபடி கதை சொல்கிறாராம். அண்ணியும் வீட்டில் அப்படித்தான். புத்தகம் வண்டுவின் பக்கம் திரும்பியிருப்பதால் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே ஒவ்வொரு கதையையும் ஆலைக்குப் போகும் வழியில் மனப்பாடம் செய்வார். ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் வண்டு விரலால் தட்டித் திருப்பிக் காட்டுவான்.

மெஷின் வந்த முதல் நாள் வண்டு அழுதான். தண்ணீர்க் குழாய் அவனைப் பயமுறுத்தியது. கட்டில் கிரீச்சிட்டது, அதற்கும் அழுதான். அழுகை நின்ற பிறகு ஒரு விநோதம் நடந்தது. அண்ணி பழக்க தோஷத்தில், "சாப்பிடறியா?" என்று வாயசைத்தார். வண்டு அவர் உதட்டைப் பார்த்தான். பிறகு தன் காதில் இருந்த மெஷினைத் தொட்டான். மறுபடி உதட்டைப் பார்த்தான். அண்ணன் வாயசைத்தார், நானும் ஏதோ சொன்னேன். குழாய்க்குக் குரல் இருக்கிறது, கட்டிலுக்கு இருக்கிறது, எங்கள் மூவருக்கும் இல்லை. அவன் எழுந்து வந்து அண்ணியின் வாயில் கைவைத்துத் தட்டினான், நின்றுபோன ரேடியோவைத் தட்டுகிற மாதிரி.

அண்ணிக்குச் சத்தமாகப் பேசக் கூச்சம். தன் குரல் தனக்கே பிடிக்காது, கரகரவென்று இருக்கிறது என்பார். சாதாரணப் பேச்சில் இன்னும் பாதிநேரம் மறந்துபோகிறார். நாங்களும்தான். அதனால் புத்தகத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். புத்தகத்தை எடுத்தால் குரல் வந்தே ஆக வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம். சாயங்காலம் அவர் குரலைத் தீட்டிக்கொண்டு ஆரம்பிப்பார். "ஆமைக்குட்டி, ஆமைக்குட்டி, உன்கிட்ட குடை இருக்கா?" ஆமைக்கு ஒரு குரல், வாத்துக்கு ஒரு குரல். எதிரே உட்கார்ந்துதான் படிப்பார். ஆனால் நடுவில் ஒரு வரிக்கு மட்டும் புத்தகத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொள்வார். அப்போது அவர் கண் மட்டும் அட்டைக்கு மேலே, வண்டுவின் முகத்தில் நிலைத்திருக்கும். பூட்டை இழுத்துப் பார்க்கும் அதே கண்.

சில நாள் அவன் தலையை ஆட்டுவான். சில நாள் ஆட்டமாட்டான், புத்தகத்தைக் கீழே இழுப்பான். அண்ணி உடனே இறக்கிவிடுவார்.

நேற்று அவர் வாத்துக் குரலில் உச்சத்துக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது.

"என்னம்மா ஆச்சு? இத்தனை வருஷம் இல்லாம இப்போ தினமும் உங்க வீட்டுல ஒரே சத்தம். 'இல்ல, இல்ல'ன்னு யாரோ கத்தறாங்க. ஏதாவது பிரச்சினையா? எங்க வீட்டு மனுஷரைக் கூப்பிடவா?"

"கதைங்கம்மா" என்றேன் நான். வார்த்தை எப்படியோ சத்தமாகவே வந்துவிட்டது.

"கதையா?"

உள்ளேயிருந்து அண்ணி மறுபடி ஆரம்பித்துவிட்டார்.